கோதாவரிக்குப் போன கூண்டு வண்டி

(புனேயில் நமது மூத்த உறுப்பினர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக உபன்யாசமோ, சர்க்கரை நோயைப் பற்றிய டாக்டரின் பேச்சோதான் நடக்கும். இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சாஸ்திர ஞானம் கிடையாது. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்து 1973இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தேன். 2011இல் ஓய்வு பெற்றேன். சர்வீஸில் பெரும்பகுதி இங்கே சிவாஜி நகர் 'சிம்லா ஆபீஸில்' கழிந்தது. புனேயில் ஏன் சிம்லா என்று பலர் கேட்பார்கள். தலைமை அலுவலகம் 1928இல் சிம்லாவிலிருந்து இங்கே வந்தது. பிறகு அது டில்லிக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

இன்று நான் சொல்லப் போவது, என் மகன் விட்டுப் போன ஒரு வண்டியின் பின்புறத்தில் நானும் என் பெண் வயிற்றுப் பேரனும் சேர்ந்து ஒரு படுக்கை அறை கட்டிய கதை. எழுபது வயதுக்கு மேல் இது தேவையா என்று சிலர் முகத்தில் தெரிகிறது. தேவை இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவிக்கு முதுகுத் தண்டில் கோளாறு. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் நீட்டிப் படுத்தாக வேண்டும். ரயிலில் பெர்த் கிடைக்கும். ஆனால் இறங்கிய பிறகு? கோயில் வாசலில், ஆற்றங்கரையில் எங்கே படுப்பது? மூன்று வருஷமாக அவள் கல்யாணங்களுக்குக் கூடப் போகவில்லை. அவளுக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. திரியம்பகத்தில் பிறக்கும் கோதாவரியைக் கடலில் சேரும் அந்தர்வேதி வரை பார்த்துவிட வேண்டும் என்பது. அவளுடைய அம்மா சொல்லிச் சொல்லி நிறைவேறாமல் போன ஆசை அது. நதியின் நீளம் 1,465 கிலோமீட்டர். 'இந்த முதுகை வெச்சுண்டு இனிமே எங்கே போறது' என்று அவளே ஒரு நாள் சொன்னாள். அன்றுதான் இந்த யோசனை வந்தது.

மகன் 2021இல் வெளிநாடு போனபோது, 2017 மாடல் இசுசு வி-கிராஸ் வண்டியை என்னிடம் விட்டுப் போனான். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம். பின்னால் ஏறக்குறைய ஐந்தடிக்கு ஐந்தடி, ஒன்றரை அடி ஆழத்தில் திறந்த தொட்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். சேறு, மணல், கல் எதிலும் போகும். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்குக் கூண்டு வண்டி நினைவிருக்கும். திருவிழாவுக்குப் போனால் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, குழந்தைகள் அதிலேயே தூங்குவோம். அதே தத்துவம்தான். இங்கிலாந்தில் ஃபோக்ஸ்டன் என்ற ஊரில் மார்ட்டின் வால்ட்டர் கம்பெனியார் 1950களிலேயே 'டார்மொபைல்' என்ற பெயரில், கூரை மேலே எழும்பும் வேன்களைச் செய்து விற்றார்கள். ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். நிறுத்தியதும் கூரையைத் தூக்கினால் கான்வாஸ் சுவர் விரியும். இதைத்தான் நாங்கள் வீட்டில் செய்ய முயன்றோம்.

முதல் முயற்சி: ஒரு மூத்த அதிகாரியின் கணக்கு

முதலில் நான் தொட்டிக்கு மேலே ஒரு சட்டம் கட்டி, கேபின் கூரையளவு உயரத்தில் பெட்டியை வைத்தேன். கீழே சாமான், மேலே படுக்கை, ஏற ஒரு ஏணி. காகிதத்தில் எடையைக் கூட்டிப் பார்த்தேன். 55 கிலோ வந்தது. திருகாணி, கீல், பெயின்ட், கான்வாஸ், மெத்தை இவற்றையெல்லாம் 'சில்லறை' என்று தள்ளிவிட்டேன். ஆபீஸில் எத்தனையோ எஸ்டிமேட்களில் இந்தத் தவற்றைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவன் நான்.

சிங்ககட் மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தோம். வளைவுகளில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, சற்றுத் தாமதித்து நிமிர்ந்தது. பேரன் கேட்டான்: "தாத்தா, எடை போட்டுப் பாத்தியா?" போடவில்லை. திரும்பும் வழியில் லாரிகளுக்கான எடை மேடையில் ஏற்றினோம். பெட்டியோடு ஒரு தடவை, கழற்றிய பிறகு ஒரு தடவை. வித்தியாசம் 110 கிலோ! கணக்கில் போட்டதைப் போல இரண்டு மடங்கு. அதுவும் அத்தனை உயரத்தில். எடையை விட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் வண்டி கவிழ்வதைத் தீர்மானிக்கும். புவியீர்ப்பு மையம் உயர உயர, வளைவில் சக்கரம் தரையை விடுவது சுலபமாகிவிடும். இதை நான் பையன்களுக்கு டியூஷனில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஏணியைப் பார்த்தாள். "ஏன்னா, இந்த ஏணில நான் ஏறணுமா? வைகுண்டத்துக்குப் போக எனக்கு இன்னும் நாள் இருக்கு" என்றாள். அத்தோடு முதல் முயற்சி முடிந்தது. செலவு 62,000 ரூபாய். அலுமினியத்தை மட்டும் மீட்டுக்கொண்டோம்.

இரண்டாவது முயற்சி

இந்தத் தடவை மூன்று விதிகள் எழுதி, கூடத்தில் ஒட்டினேன். ஒன்று, மூடியிருக்கும்போது கேபின் கூரையை விட ஒரு அங்குலம் கூட உயரக் கூடாது. இரண்டு, எந்தச் சாமானும் எடை போடாமல் வண்டியில் ஏறக் கூடாது. மூன்று, வண்டியின் உடம்பில் ஒரு துளை கூடப் போடக் கூடாது.

மூன்றாவது விதிக்குக் காரணம் சட்டம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. ஆகவே எங்கள் பெட்டி வெறும் சுமைதான். தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் வளையங்களில் பட்டையால் கட்டப்பட்டது. இருபது நிமிஷத்தில் இறக்கிவிடலாம். ஓடும்போது அதில் யாரும் உட்காருவதோ படுப்பதோ கிடையாது. உங்களில் யாராவது இதைச் செய்ய நினைத்தால், முதலில் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டுக் கம்பெனியிலும் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள்.

சட்டத்துக்கு ஓர் அங்குல அலுமினியச் சதுரக் குழாய். பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட், மழையில் பிரியாது. தொட்டிக்குள் முக்கால் அடி உயரத்தில் ஒரு மேடை. அதன் கீழே அரிசி, பருப்பு, பாத்திரம், இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு. கனமானதெல்லாம் கீழே, கேபினை ஒட்டி. ஐந்தடியில் காலை நீட்ட முடியாதே! பின் கதவைத் திறந்து இறக்கி, அதற்கு மேலே மேடையிலிருந்து ஒன்றரை அடி மடக்குப் பலகை விரியும்படி செய்தோம். அதன் பாரம் பின் கதவின் மேல் விழாமல், திருகிச் சரிசெய்யும் இரண்டு கால்கள் நேராகத் தரையில் ஊன்றும். ஆறரை அடிப் படுக்கை கிடைத்தது. தரையிலிருந்து மூன்றேகால் அடி உயரம். கைப்பிடி வைத்த மூன்று படி முக்காலி போதும். மனைவி ஏறிப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மேலே வேலை நடந்தது.

கூரை ஒரே மூடி. கேபின் பக்கம் கீல், பின்பக்கம் திறக்கும். பக்கவாட்டில் பார்த்தால் திறந்த முதலை வாய் போல இருக்கும். மூன்று பக்கமும் கான்வாஸ். தார்ப்பாய் தைக்கும் ஒருவர் மூன்று நாள் எங்கள் பார்க்கிங்கிலேயே மெஷினை வைத்துக்கொண்டு தைத்தார். "காகா, லாரிக்குத் தைக்கிறேன், பந்தலுக்குத் தைக்கிறேன். ஒரு பாட்டிக்கு அறை தைப்பது இதுதான் முதல் தடவை" என்றார்.

மூடியின் எடை 32 கிலோ. அதைத் தூக்க, கார் டிக்கியில் இருக்கிறதே, வாயு அடைத்த தண்டு, அதில் இரண்டு போட்டோம். கீலிலிருந்து கால் பங்கு தூரத்தில் தண்டு பிடிப்பதால், நெம்புகோல் கணக்குப்படி இரண்டும் சேர்ந்து 64 கிலோ தூக்க வேண்டும். சாய்வாக நிற்பதால் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். ஒவ்வொன்றும் 500 நியூட்டன், அதாவது சுமார் 50 கிலோ. முதல் ஓரடி கையால் தூக்க வேண்டும், பிறகு தானே எழும். 2022 மே மாதம், நாற்பது டிகிரி வெயிலில் மாட்டினோம். பிரமாதமாக வேலை செய்தது.

மெத்தை உட்பட மொத்தம் 140 கிலோ. முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாகவும் எடை போட்டு, பதிவுச் சான்றிதழில் உள்ள வரம்புக்குள் இருப்பதைப் பார்த்துக்கொண்டோம். செலவு 84,000 ரூபாய்.

பனியும் காற்றும்

2022 நவம்பரில் ஜுன்னர் பக்கம் ஒரு நண்பரின் தோட்டத்தில் முதல் ஒத்திகை. விடியற்காலை முகத்தில் தண்ணீர் சொட்டி எழுந்தோம். "கூரை ஒழுகறது" என்றாள் மனைவி. வெளியே மேகம் கூட இல்லை. ஒழுகியது எங்கள் மூச்சு! தூங்கும் இரண்டு பேர் ஓர் இரவில் சுமார் அரை லிட்டர் தண்ணீரை ஆவியாக வெளிவிடுகிறோம். தெளிந்த வானத்தில் கூரை தன் வெப்பத்தை வெளியே வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றை விடக் குளிர்ந்துவிடும். ஆவி அதில் பட்டுத் துளியாகிறது. புல்லில் பனி படிவதும் இப்படித்தான். முப்பத்தெட்டு வருஷம் பனிநிலை வெப்பத்தைக் கணக்கிட்டவன் தலையில் பனி சொட்டியது.

இன்னொன்றும் நடந்தது. வாயுத் தண்டு மூடியைத் தாங்காமல் மெல்ல இறங்கி என் தலையில் இடித்தது. 40 டிகிரியில் சரியாக இருந்த வாயு, 12 டிகிரிக் குளிரில் அழுத்தத்தில் ஒன்பது சதவிகிதம் குறைந்துவிட்டது. கான்வாஸும் நனைந்து கனத்திருந்தது. அன்றிலிருந்து இரண்டு மூங்கில் முட்டு எப்போதும் உண்டு. வாயுவை நம்பலாம், கூடவே மூங்கிலையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

காற்றுக்கும் ஒரு கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்கு. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று இரண்டு சதுர மீட்டர் கான்வாஸை சுமார் 12 கிலோ பாரத்தோடு தள்ளும். 72 கிலோமீட்டரில் அது ஐம்பது கிலோவை நெருங்கும். ஆகவே தாழ்ந்த கீல் பக்கம் காற்றைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்த வேண்டும். கருவி வேண்டாம், ஒரு கைக்குட்டை போதும்.

கூரையின் உட்புறம் ஓர் அங்குல ஃபோம் ஒட்டி, மேலே பருத்தித் துணி வைத்தோம். காற்றுப் போக்கிக்காகக் கீழே ஒன்று, மேலே ஒன்று, வலை போட்ட இரண்டு துவாரங்கள். இந்தத் துவாரங்களைப் பற்றித்தான் அடுத்துச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் இரவு

டிசம்பரில் அதே தோட்டத்தில் இரண்டாவது ஒத்திகை. பேரனுக்குப் பரீட்சை, நாங்கள் இருவர் மட்டும். ஒன்பது டிகிரிக் குளிர். வெளியே கரி அடுப்பில், இங்கே சேக்டி என்கிறார்களே, அதில் உப்புமா கிளறிச் சாப்பிட்டோம். கணகணவென்று கங்கு மிச்சம் இருந்தது. அவளுக்கு முதுகு விறைத்துக்கொண்டது. வீணாகிறதே என்று சேக்டியை ஓர் இரும்புத் தட்டில் வைத்து உள்ளே கால்மாட்டில் வைத்தேன். துவாரங்கள் வழியே குளிர் வந்தது; இரண்டு துண்டால் அவற்றை அடைத்தேன். நானே போட்ட துவாரங்கள். ஜிப்பை இழுத்து மூடிப் படுத்தோம். இதமாக இருந்தது.

அரை மணி ஆகியிருக்கும். "ஏன்னா, தலையை என்னமோ பண்றது. வாந்தி வராப்ல இருக்கு" என்றாள். எனக்கும் நெற்றிப் பொட்டில் வலி. மத்தியானம் சாப்பிட்ட வடை என்று நினைத்தேன். பிறகு பி.பி.யோ என்று நினைத்தேன். அவள் மறுபடி கூப்பிட்டபோது வார்த்தை குழறியது. அப்போதுதான் கால்மாட்டில் சிவப்பாகத் தெரிந்த கங்கைப் பார்த்தேன். எழுந்தால் கால் நிற்கவில்லை. ஜிப் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியவில்லை. எப்படியோ இழுத்துத் திறந்து கத்தினேன். தோட்டக் காவல்காரரும் நண்பரும் ஓடி வந்து அவளை இறக்கினார்கள். நண்பரே காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இருவருக்கும் விடியும் வரை ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். இன்னும் அரை மணி போயிருந்தால் இந்தப் பேச்சு இருந்திருக்காது.

கார்பன் மோனாக்ஸைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். புகை இல்லாத கங்கு அபாயமில்லை என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தக் கங்குதான் இதை அதிகம் வெளிவிடும். மூளை மந்தமாவதால், ஆபத்து என்று தெரிந்துகொள்ளும் சக்தியே முதலில் போய்விடுகிறது. இவ்வளவும் எனக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும். டாக்டர் சின்னப் பையன். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். வானிலைத் துறை என்றேன். ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வண்டியைப் பிரித்துவிடத் தீர்மானித்து ஸ்பானரை எடுத்தேன். மூன்றாம் நாள் காபியைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "வண்டியைப் பிரிக்க வேண்டாம். அந்தச் சட்டியை மட்டும் தூக்கிப் போடுங்கோ."

தூக்கிப் போட்டேன். துவாரங்களில் மூட முடியாதபடி கம்பி வைத்துத் திருகினேன். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று வாங்கித் தலைமாட்டில் மாட்டினேன். காஸ் அடுப்பும் வெளியேதான். சமையல் காஸ் காற்றை விடக் கனம், கசிந்தால் தொட்டியில் குட்டை போலத் தேங்கும். குளிருக்கு வெந்நீர்ப் பையும் ரஜாயும்.

வண்டி இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். நம்மில் எத்தனை பேர் வீட்டில் குளியலறைக்குள்ளேயே காஸ் கீஸர் இருக்கிறது? குளிர் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளிக்கிறோம். அங்கேயும் இதே வாயுதான். கீஸரை வெளியே மாற்றுங்கள். அதுவரை ஜன்னலைச் சாத்தாதீர்கள். தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் காரணத்தை யோசிக்காமல் முதலில் வெளியே வாருங்கள்.

யாத்திரை

2023 ஜனவரி கடைசியில் கிளம்பினோம். பேரன்தான் சாரதி, இரவில் அவன் முன் சீட்டில் படுத்துக்கொள்வான். திரியம்பகத்தில் குசாவர்த்தத்தில் ஸ்நானம். பிறகு பைதண், நாந்தேட், பாஸர், தர்மபுரி, காளேஸ்வரம், பத்ராசலம், ராஜமுந்திரி. பதினான்கு நாள்; ஒன்பது இரவு வண்டியில், மற்றவை சத்திரங்களில். இரண்டு மணிக்கொரு தடவை மர நிழலில் நிறுத்தி, மூடியைத் தூக்கி, அவள் படுத்துக்கொள்வாள். நாங்கள் காபி போடுவோம். தர்மபுரிக்கு அருகே கரும்பு வயல் ஓரம் நிறுத்தினோம். அந்த வீட்டுப் பெண்மணி வந்து உள்ளே எட்டிப் பார்த்து, படுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். படுத்துப் பார்த்துச் சிரித்தாள். மொழி தெரியாமலே இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள்.

ஆற்றங்கரையில் கடைசி அரைக் கிலோமீட்டர் பல இடங்களில் மணலும் உருளைக்கல்லும்தான். நான்கு சக்கர இயக்கம் அங்கே உதவியது. அவள் படுத்தபடியே நதியைப் பார்க்க முடிந்தது.

அந்தர்வேதியில் சங்கமத்துக்குப் போனது ஒரு காலை. அவள் இறங்கி நடந்து, தண்ணீரில் நின்று, அம்மாவின் பெயரைச் சொல்லி மூன்று கை தண்ணீர் விட்டாள். திரும்பி வந்து படுத்துக்கொண்டு, "ஆச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் முதுகு இன்னும் மோசமாகிவிட்டது. நீண்ட பயணம் இனி இல்லை. பெட்டி எங்கள் பார்க்கிங்கில் உறை போட்டு நிற்கிறது. நம் சங்கத்தில் இப்படிப்பட்ட தொட்டி உள்ள வண்டி வைத்திருக்கும் குடும்பம் எதற்காவது, படுக்க வேண்டிய அப்பாவையோ அம்மாவையோ எங்கேயாவது கூட்டிப்போக வேண்டியிருந்தால், தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். வாடகை கிடையாது. அலாரத்தின் பேட்டரியை நான் பார்த்துக் கொடுப்பேன். உள்ளே நெருப்பு கூடாது என்று மட்டும் என் மனைவியிடம் சொல்லிவிட்டு எடுத்துப் போக வேண்டும். அவளிடம்தான் சாவி இருக்கிறது.